வீட்டிலேயே கலர் நெகட்டிவ் ஸ்கேன்: நிறம் சரியாக வர அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ் இருந்தது, 1986-ல் அக்காவின் காதுகுத்து தொடங்கி 2004 வரை. அதை ஸ்கேன் செய்ய ஆரம்பித்தேன், அப்புறம் சித்தப்பா வீட்டுடையது, நண்பர்கள் வீட்டுடையது என்று வேலை வளர்ந்துகொண்டே போனது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் சாதாரண கலர் நெகட்டிவ் பற்றி, அதாவது 1972-ல் கோடாக் கொண்டுவந்த சி-41 முறையில் கழுவியது. கோடாக் கோல்டு, ஃபியூஜிகலர், கோனிகா என்று நமக்குத் தெரிந்த ரோல்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆல்பத்தில் பிரிண்ட் இருக்கிறதே, அதைப் போனில் படம் எடுத்தால் போதாதா?

வாட்ஸப்பில் அனுப்பப் போதும். ஆனால் பிரிண்ட் என்பது அன்றைக்கு லேபில் உட்கார்ந்திருந்தவர் எடுத்த முடிவு. இவ்வளவு வெளிச்சம், இவ்வளவு மஞ்சள், இவ்வளவு சிவப்பு என்று அவர் தீர்மானித்ததைத்தான் நாம் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் இப்போது வெளுத்துப்போயிருக்கும். நெகட்டிவில் அதைவிட நிறைய இருக்கிறது. பிரிண்டில் வெறும் வெள்ளையாகத் தெரியும் வேட்டிக்கு நெகட்டிவில் மடிப்பு இருக்கும், கரை இருக்கும். என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தில் அவருக்குப் பின்னால் வாசல்படியில் பாட்டி நிற்கிறார் என்பதே ஸ்கேன் செய்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, பிரிண்டில் அந்த இடம் முழுக் கறுப்பு.

நெகட்டிவ் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது? பழசானதாலா?

இல்லை, புதிதாகக் கழுவிய பிலிமும் ஆரஞ்சுதான். கலர் பிலிமில் மஞ்சள், மெஜந்தா, சியான் என்று மூன்று சாயங்கள். எந்தச் சாயமும் சுத்தமானதில்லை. மெஜந்தா பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நீலத்தையும் தடுத்துவிடும். சியானுக்கும் இதே குறை உண்டு. இதைச் சரிசெய்ய கோடாக்கின் வெஸ்லி ஹான்சன் 1940-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்: சாயத்தை உண்டாக்கும் பொருளுக்கே முன்கூட்டி நிறம் கொடுத்துவிடுவது. படம் பதிந்து மெஜந்தா உருவாகும் இடத்தில் அந்த முன்நிறம் கரைந்துவிடும், உருவாகாத இடத்தில் அப்படியே நிற்கும். இரண்டையும் கூட்டினால் தேவையில்லாத நீலத்தடை பிலிம் முழுக்க ஒரே அளவாகிவிடுகிறது. ஒரே அளவாக இருப்பதை மொத்தமாகக் கழித்துவிடலாம் அல்லவா, அதுதான் விஷயம். அந்த முன்நிறங்கள் சேர்ந்துதான் நாம் பார்க்கும் ஆரஞ்சு, அதற்கு மாஸ்க் என்று பெயர்.

சரி, கம்ப்யூட்டரில் இன்வர்ட் அழுத்தினால் ஏன் எல்லாம் நீலமாக வெளுத்து வருகிறது?

ஆரஞ்சைத் திருப்பினால் அதன் எதிர்நிறமான நீலம்தானே வரும். இன்வர்ட் பட்டனுக்கு அந்த ஆரஞ்சு படத்தின் பகுதியா, அடியில் இருக்கும் மாஸ்க்கா என்று தெரியாது. முதலில் மாஸ்க்கை நீக்க வேண்டும், பிறகு திருப்ப வேண்டும். நீக்குவது எப்படி என்றால், பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவில் படமே இல்லாத வெறும் பிலிம் இருக்கிறதல்லவா, அந்த இடத்தின் சிவப்பு, பச்சை, நீல மதிப்பை எடுத்து, படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அந்தந்தச் சேனலில் அதனால் வகுக்க வேண்டும். கழித்தல் வேண்டாம், வகுத்தல். ஒளி பிலிமின் சாய அடுக்குகளைத் தாண்டி வரும்போது ஒவ்வொன்றிலும் இத்தனை பங்கு என்று குறைகிறது, அதனால் வகுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்புறம் வெளுப்பு. நெகட்டிவ் வேண்டுமென்றே குறைந்த கான்ட்ராஸ்ட்டில் செய்யப்பட்டது, காமா (கான்ட்ராஸ்ட்டைச் சொல்லும் எண்) ஏறக்குறைய 0.6. எதிரில் இருந்த வெளிச்ச வித்தியாசத்தைச் சுருக்கிப் பத்திரமாக வைக்கும், பிரிண்ட் பேப்பர் அதை விரித்துக்கொள்ளும். நம்மிடம் பேப்பர் இல்லை, அதனால் அந்த விரிப்பை நாம்தான் செய்ய வேண்டும். திருப்பிய படம் பனிமூட்டம் போல இருந்தால் ஸ்கேன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், பாதி வேலை பாக்கி, அவ்வளவுதான்.

எந்தக் கருவி வாங்கலாம்?

மூன்று வழி. எப்சன் வி600 மாதிரி, மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட் ஸ்கேனர். பிளஸ்டெக் 8200ஐ மாதிரி 35 மில்லிமீட்டருக்கென்றே செய்த பிலிம் ஸ்கேனர். அல்லது ஏற்கெனவே கையில் உள்ள டிஜிட்டல் கேமராவில் ஒரு மேக்ரோ லென்ஸ் மாட்டி நெகட்டிவைப் படம் எடுப்பது. நிக்கானின் கூல்ஸ்கேன் ஸ்கேனர்கள் இன்றைக்கும் அருமையானவைதான், ஆனால் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது, பழுதானால் பார்க்க ஆள் தேட வேண்டும்.

120 பிலிம் (35 மில்லிமீட்டரைவிட அகலமானது) நிறைய இருந்தால் பிளாட்பெட் நல்லது. 35 மட்டும் இருந்து, நூறு இருநூறு படம்தான், அவசரமில்லை என்றால் பிளஸ்டெக். ஆயிரக்கணக்கில் இருந்தால் கேமராதான், ஒரு ரோலைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். நான் பிளாட்பெட்டில் தொடங்கி கேமராவுக்கு மாறினேன். கையில் கேமரா இருப்பவர்கள் முதலில் அதையே முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

கேமராவில் எடுப்பதை விவரமாகச் சொல்லுங்கள்.

கீழே எல்இடி விளக்குப் பலகை, அதன்மேல் நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர், மேலே கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா. கேமராவும் பிலிமும் இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை கூர்மையாகவும் இன்னொரு மூலை மங்கலாகவும் வரும். இதைச் சரிபார்க்க ஸ்பிரிட் லெவலைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பிலிம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள், கேமரா திரையில் லென்ஸின் பிம்பம் தெரியும். அந்த வட்டம் சரியாகத் திரையின் நடுவில் விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டே போதும்.

ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப்/8 அளவில், ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு), இரண்டு விநாடி டைமர். ஃபோகஸைத் திரையில் பெரிதாக்கி பிலிமின் மணல் (கிரெயின் என்ற பொடிப்புள்ளிகள்) தெரியும்வரை கையால் திருப்புங்கள், ஆட்டோ ஃபோகஸை நம்ப வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பலகையில் நெகட்டிவைச் சுற்றி வெளிச்சம் வரும் இடத்தையெல்லாம் கறுப்பு அட்டையால் மூடுங்கள். இதைச் செய்யாமல்விட்டால் பக்கவாட்டு வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறி நெகட்டிவின் அடர்த்தியான இடங்களை வெளுக்க வைக்கும், திருப்பியபிறகு வானமும் வேட்டியும் அழுக்காகத் தெரியும், அது பிலிமின் குறை என்று நினைத்துவிடுவோம். நான் முதல் ஆறு ரோலை இப்படி எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி எடுத்தேன்.

எக்ஸ்போஷரை ரோலுக்கு ஒருமுறைதான் வைக்க வேண்டும். வெறும் பிலிம் பகுதியைப் பார்த்து, எந்தச் சேனலும் உச்சியில் போய் முட்டாத அளவுக்கு வைத்து (ஆரஞ்சு என்பதால் சிவப்புதான் முதலில் முட்டும், அதனால் மூன்று சேனலும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பாருங்கள்), அப்படியே மேனுவலில் பூட்டி, 36 படத்தையும் அதே அளவில் எடுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கீழே வரும்.

விளக்குக்குப் போன் திரை போதுமா?

செய்து பார்க்கலாம். ஆனால் பிலிமைத் திரைமேல் நேரடியாக வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதியும், நடுவில் ஒரு பால்கண்ணாடியும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியும் வேண்டும். வெளிச்சமும் குறைவு. சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது அதற்குமேல் என்று போட்டிருக்கும் எல்இடி பலகை வாங்கிவிடுவது நல்லது. மலிவு விளக்குகளில் சில நிற ஒளி போதுமான அளவு இருக்காது, இல்லாத ஒளியைப் பிறகு எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

எத்தனை டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)?

பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும் வீட்டு பிளாட்பெட்கள் உண்மையில் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. பிளாட்பெட்டில் 2400 அல்லது 3200 வையுங்கள், அதற்குமேல் வைத்தால் ஃபைல்தான் பெருக்கும். 35 மில்லிமீட்டர் பிரேம் என்பது 36-க்கு 24 மில்லிமீட்டர். 2400-ல் ஏறக்குறைய 7.7 மெகாபிக்சல், 4000-ல் 21 மெகாபிக்சல் வரும். 24 மெகாபிக்சல் முழுஃபிரேம் கேமராவில் பிரேமை முழுதாக நிரப்பி எடுத்தால் 4200 டிபிஐக்குச் சமம், சாதாரண ஆட்டோ ஃபோகஸ் கேமராவில் எடுத்த குடும்பப் படத்துக்கு அதுவே தாராளம்.

ஸ்கேனர் மென்பொருளில் ஆட்டோ கலர் வைத்தேன், ஒரே ரோலில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வருகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம்.

ஆட்டோ என்ன செய்கிறது என்றால், படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து, அது சாம்பலாக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு திருத்துகிறது. கடற்கரைப் படத்துக்கு ஏறக்குறைய ஒத்துவரும். நம் படங்களுக்கு ஒத்துவராது. மணப்பெண் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் சிவப்பு வெல்வெட் திரை, மேலே மஞ்சள் சாமந்தித் தோரணம். படத்தில் முக்கால்வாசி உண்மையாகவே சிவப்பும் மஞ்சளும்தான். மென்பொருள் இதைக் கோளாறு என்று எண்ணி சியானையும் நீலத்தையும் ஏற்றுகிறது, பட்டு பழுப்பாகிறது, முகம் சாம்பல் பூக்கிறது. அடுத்த படம் வாழைத்தோப்பு. பச்சை அதிகம் என்று மெஜந்தாவை ஏற்றுகிறது, மண்ணெல்லாம் ரோஸ் ஆகிறது. படத்துக்குப் படம் நிறம் மாறுவது இதனால்தான், பிலிமின் மேல் தவறில்லை.

ஒரு ரோல் முழுவதற்கும் மாஸ்க் ஒன்றுதான், கழுவியதும் ஒரே தொட்டியில்தான். அதனால் திருத்தமும் ரோலுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். வியூஸ்கேன் என்ற ஸ்கேனர் மென்பொருளில் எக்ஸ்போஷரைப் பூட்டவும் பிலிம் பேஸ் நிறத்தைப் பூட்டவும் வசதி இருக்கிறது, வெறும் பிலிமைக் காட்டி இரண்டையும் பூட்டிவிடுங்கள். டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருள் இலவசம், அதில் 2020 முதல் நெகடாக்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதிலும் முதல் வேலை வெறும் பிலிமைத் தொட்டுக் காட்டுவதுதான். லைட்ரூம் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதோடு சேர்ந்து ஓடும் நெகட்டிவ் லேப் ப்ரோ வாங்கலாம், வேகமாக வேலை முடியும், ஆனால் அங்கேயும் ஒரு நல்ல படத்தைச் சரிசெய்து அதன் அளவுகளை ரோல் முழுக்கப் போடுங்கள்.

அந்த நல்ல படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், வெளியில் எடுத்ததாக இருக்கட்டும். அதில் சாம்பலோ வெள்ளையோ ஏதாவது வேண்டும்: சிமெண்ட் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர், தார்ச்சாலை. வேட்டியை வைத்து வெள்ளையைச் சரிசெய்யாதீர்கள், சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி நிஜமாகவே கொஞ்சம் நீலம்தான். அதை வெள்ளையாக்கினால் மற்றதெல்லாம் மஞ்சள் ஏறும். அந்த ஒரு படம் சரியானால் ரோலில் பகலில் எடுத்த மற்ற படங்களும் தானாக ஒழுங்குக்கு வரும். பிறகு தேவைப்படும் படத்துக்கு மட்டும் லேசாகத் திருத்தினால் போதும்.

எல்லாம் சரி, முகத்தின் நிறம்தான் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

முகத்தை மட்டும் பெரிதாக்கி ஆர்ஜிபி எண்களைப் பாருங்கள். மாநிறமோ கறுப்போ சிவப்போ, எந்தத் தோலாக இருந்தாலும் சிவப்பு எண் பெரிதாக, பச்சை நடுவில், நீலம் சிறிதாக இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் ஊதா பூசியது போல இருக்கும், பச்சை சிவப்பை நெருங்கினால் சோகை பிடித்தது போல இருக்கும். இன்னொன்று, பழைய லேப் முறைகள் வெளிர்நிறத் தோலை அளவுகோலாக வைத்தே உருவானவை, கோடாக் லேப்களுக்குக் கொடுத்த மாதிரிப் படங்களில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். அதனால் பழைய பிரிண்டில் பார்த்த நிறத்தை ஸ்கேனில் கொண்டுவரப் பாடுபட வேண்டாம். கூடவே முகத்தை வெளுக்க வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். என் அத்தை நல்ல கறுப்பு. ஆல்பத்தில் அவர் எப்போதும் சாம்பலாகத்தான் இருந்தார், நெகட்டிவிலிருந்து எடுத்தபோதுதான் கன்னத்தில் அந்தச் செம்பு நிறம் வந்தது, அத்தைதான் என்று அம்மா உடனே சொன்னார். படத்தில் உள்ளவர்களை நேரில் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், புடவை அரக்கா மெரூனா என்று அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

மண்டபத்தில் எடுத்த படங்கள் மட்டும் பச்சையாகவும் மஞ்சளாகவும் இருக்கின்றனவே?

பிலிம் பகல் வெளிச்சத்துக்குச் செய்தது. டியூப்லைட் அதில் பச்சையாகப் பதியும், வீடியோக்காரர் பிடித்த ஹாலஜன் விளக்கு ஆரஞ்சாகப் பதியும், ஸ்டுடியோக்காரரின் பிளாஷ் மட்டும் சரியாகப் பதியும். ஒரே படத்தில் மூன்றும் இருந்தால் ஒரு திருத்தத்தில் எல்லாம் சரியாகாது. பிளாஷ் விழுந்த முகங்களைச் சரிசெய்யுங்கள், பின்சுவரின் பச்சையை வேண்டுமானால் அந்த இடத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் குறைக்கலாம். முழுக்க அழித்துவிட வேண்டாம், மண்டபம் அப்படித்தான் இருந்தது.

வெளிச்சமான இடம் ஒரு நிறம், நிழல் வேறு நிறம். என்ன செய்வது?

பழைய நெகட்டிவில் மூன்று சாயமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை, அதனால் மூன்று சேனலின் சரிவும் வேறு வேறாகிவிடும். ஒயிட் பேலன்ஸ் இதைச் சரிசெய்யாது. கர்வ்ஸ் என்ற வளைகோட்டுக் கருவியில் ஒவ்வொரு சேனலாகப் போய், கீழ்முனையை நிழலுக்கும் மேல்முனையை வெளிச்சத்துக்கும் தனித்தனியாக நகர்த்துங்கள். நெகடாக்டரில் நிழலின் நிறத்துக்கும் வெளிச்சத்தின் நிறத்துக்கும் தனித்தனி அளவுகள் இருக்கின்றன, அது இதற்காகத்தான். வெளிச்சம் போதாமல் எடுத்த படமாக இருந்தால் நிழலில் பதிவே இருக்காது, சேறு போல மணல்தான் இருக்கும். அதைத் தூக்கி நிறுத்த முயலாமல் கறுப்பாகவே விட்டுவிடுங்கள்.

தூசியும் கீறலும்?

முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி உள்ள ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியில் இன்னொரு முறை பார்க்கும். கலர் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறைக்கும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளை பிலிமில் இதைப் போடாதீர்கள், அதில் படமே வெள்ளியால் ஆனது, வெள்ளி அகச்சிவப்பை மறைக்கும், படத்தையே தூசி என்று எண்ணிக் குழப்பிவிடும். கேமராவில் எடுப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, அங்கே பொறுமைதான்.

பூஞ்சை பிடித்திருக்கிறது, கழுவலாமா?

தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படம் கையோடு வந்துவிடும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முதலில் படமில்லாத ஓரத்தில் லேசாகத் துடைத்துப் பாருங்கள். படத்தைத் தின்றுவிட்ட இடம் திரும்பாது. முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு அப்புறம் துடைப்பது பத்திரம்.

எந்தப் பக்கம் மேலே?

பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால் ஓரத்து எழுத்து நேராகத் தெரியும், மங்கலான பக்கம் படம் உள்ள பக்கம். கேமராவில் மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க வைத்து, பிறகு கம்ப்யூட்டரில் இடம்வலமாகத் திருப்புங்கள். பளபளப்பான பக்கம் கண்ணாடியில் ஒட்டினால் எண்ணெய் மிதப்பது போல வானவில் வட்டங்கள் வரும்.

எப்படிச் சேமிப்பது?

திருப்பாத அந்த ஆரஞ்சு ஃபைலை, 16 பிட் டிஃப் அல்லது ரா, எதுவும் செய்யாமல் தனியாக வையுங்கள். 3200 டிபிஐயில் ஒரு படம் 80 எம்பிக்கு மேல் வரும், இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். திருத்தியதை ஜேபெக்காக வீட்டாருக்குக் கொடுங்கள். போன வருடம் திருத்தியது இந்த வருடம் எனக்கே பிடிப்பதில்லை, ஆரஞ்சு ஃபைல் இருப்பதால் பிலிமைத் தொடாமல் மறுபடி செய்ய முடிகிறது. நெகட்டிவையும் தூக்கிப் போடாதீர்கள், பிவிசி உறையிலிருந்து எடுத்து பாலிபுரொப்பிலீன் உறையில், சிலிகா ஜெல்லோடு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

கழுவாத ரோல் ஒன்று கிடைத்தது, என்ன செய்ய?

திறக்காதீர்கள். உறையில் சி-41 என்று இருந்தால் இன்னும் பிலிம் கழுவும் லேபுக்கு அனுப்பலாம், எத்தனை வருடம் பழையது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மங்கலாகத்தான் வரும், ஆனால் ஆள் தெரியும். சி-22 என்று இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது 1972-க்கு முந்தைய முறை, 24 டிகிரி அளவில் கழுவ வேண்டியது. சி-41-ன் 37.8 டிகிரியில் போட்டால் படம் உரிந்து தொட்டியிலேயே போய்விடலாம். அதைக் கறுப்பு வெள்ளையாகக் குளிர்ந்த டெவலப்பரில் கழுவிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நிறம் கிடைக்காது, படம் கிடைக்கும். அதுவரை டப்பாவோடு காற்றுப் புகாத கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருங்கள்.